கூமாப்பட்டியில கேம்ப் ஃபயர் பிளானா? எந்த விறகு, எந்தக் கரி, எப்போ காஸ்... முழு விளக்கம்

2025 ஜூன் மாதம். 'ஏங்க...' என்று கூப்பிட்டு ஊரைச் சுற்றிக்காட்டிய ரீல்ஸ் வீடியோக்கள் வைரலாக, விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் சும்மா இருந்த கூமாப்பட்டி ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. வத்திராயிருப்பை அடுத்த இந்த ஊரைத் தேடி கார், வேன், பைக் என்று கிளம்பிய பலரும், பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டார்கள்.

கூட்டம் குறைந்தாலும் ஒரு வகைப் பயணிகள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள். வண்டியின் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டு, கூரையில் டென்ட் கட்டி, ராத்திரி தென்னந்தோப்பில் தங்கி, நெருப்பு மூட்டி, சிக்கன் சுட்டுச் சாப்பிட்டு, காலையில் ராஜபாளையம் அல்லது குற்றாலம் பக்கம் நகர்ந்துவிடும் கூட்டம் அது. ஐ.டி. வேலையில் இருப்பவர்களின் வெள்ளிக்கிழமை ராத்திரி பிளான் என்றும் சொல்லலாம்.

இவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். விறகை ஊரிலிருந்தே கொண்டு போகணுமா, அங்கேயே பொறுக்கிக்கலாமா? கரி நல்லதா, காஸ் நல்லதா?

சுருக்கமான பதில்: பொறுக்கக் கூடாது, அந்த ஊரிலேயே விலைக்கு வாங்கலாம். சமையலுக்கு காஸ், உட்கார்ந்து பேசுவதற்கு விறகு. கரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள்ளேயோ டென்ட்டுக்குள்ளேயோ கொண்டுவரக் கூடாது. ஏன் என்பதுதான் இனி.

பொறுக்கினால் என்ன தப்பு?

கூமாப்பட்டிக்கு மேற்கே தெரியும் மலை வெறும் பேக்ரவுண்ட் இல்லை. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயமும், அதோடு சேர்த்து 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் அது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. பிளவக்கல்லின் இரண்டு அணைகளான பெரியாறும் கோவிலாறும் அந்த மலையின் காலடியில்தான் இருக்கின்றன.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதையும், எரிகிற நெருப்பை அப்படியே விட்டுவிட்டு வருவதையும் குற்றம் என்கிறது. அனுமதி இல்லாமல் வனப்பொருளை எடுப்பதும் குற்றம்தான். கீழே விழுந்து கிடந்த காய்ந்த குச்சிதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் குற்றம் நடந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு சிறை. பக்கத்துச் சதுரகிரிக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களிடமே தாணிப்பாறையில் பையைச் சோதித்துத்தான் விடுகிறார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் மேலே போகக் கூடாது. பக்தருக்கே இந்தக் கண்டிப்பு என்றால், டூரிஸ்ட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று, இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே தேனி மாவட்டத்துக் குரங்கணியில், சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சிகிச்சை பலனளிக்காமல் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் பலி. காய்ந்த புல் நிற்கும் சரிவில் காற்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஈடுகொடுக்க முடியாது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளும்கூட காட்டுத்தீ சீசன் என்பதால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடப்படுகின்றன.

ஆக, நெருப்பு மூட்டுவதாக இருந்தால் பட்டா நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, மலையை ஒட்டாத தோப்பில் மட்டும்தான். மலையை ஒட்டிய தோப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராஜபாளையம், வத்திராயிருப்பு பக்கத் தென்னந்தோப்புகளுக்குள் யானை இறங்குவது அந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன தலைவலி. நெருப்பு எரிந்தால் யானை வராது என்று நம்பித் தூங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

விறகுக் கடையில் என்ன கேட்பது?

நிறைய பேர் 'எந்த மரம் நல்லா எரியும்?' என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, 'எவ்வளவு காய்ஞ்சிருக்கு?'

நன்றாகக் காய்ந்த விறகை எடை போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ புளிய விறகும் ஒரு கிலோ மாமர விறகும் தரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அடர்த்தியில். கனமான கட்டை சின்னதாக இருந்தாலும் நின்று எரியும், நல்ல தணல் விடும். லேசான கட்டை குபுகுபுவென்று எரிந்து சாம்பலாகிவிடும். ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது என்ற பழமொழி அடுப்புக்கும் பொருந்தும். முருங்கையும் அப்படித்தான், விறகு என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய மரம்.

ஆனால் ஈரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெட்டிய சூட்டில் இருக்கும் பச்சைக் கட்டையின் எடையில் பாதி வரைகூட தண்ணீராக இருக்கலாம். 10 கிலோ வாங்கினால் அதில் 5 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்தது போலத்தான். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்ற வேண்டும். அதுவரை சூடு ஏறாது, விறகு முழுசாக எரியாது. எரியாத மிச்சம்தான் கண்ணைக் கரிக்கும் புகை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் விறகு விறகாக எரியும்.

அதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்'கென்று கணீர் சத்தம் வந்தால் காய்ந்தது, 'தொப்'பென்று மந்தமாகக் கேட்டால் பச்சை. வெட்டுவாயில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கணும், பட்டை லேசாக உரிந்து வரணும். கடைக்காரரிடம் 'அண்ணாச்சி, இது எப்போ வெட்டினது?' என்று வாய்விட்டுக் கேட்டாலே போதும். கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொண்டு உள்ளே இருக்கும் பழைய அடுக்கிலிருந்து எடுத்துத் தருவார்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்கணும். இந்தப் பக்கத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான் அதிகம். வெளியே அடுக்கி வைத்த காய்ந்த விறகும் அந்த மாதங்களில் நனைந்திருக்கும்.

சீமைக் கருவேலம்: வில்லன்தான், ஆனாலும்...

விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் விறகு என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். கண்மாயை ஆக்கிரமிக்கிறது, மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று நீதிமன்றம் வரை போன மரம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, 2022இல் அரசு இதுபோன்ற ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அப்படிப்பட்ட மரம் விறகாக மட்டும் வஞ்சகம் செய்வதில்லை. கட்டை கனம், எரிவது நிதானம், தணல் நீண்ட நேரம் நிற்கும். வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை என்பது கூடுதல் வசதி.

இந்த மாவட்டங்களில் வானம் பார்த்த பூமியில் மழை ஏமாற்றும் வருடங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் இந்த மரம்தான், கரி மூட்டம் வழியாக. கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இலை தழை, வைக்கோல் போட்டு, ஈர மண்ணால் பூசி மூடி, ஒரு வாயில் மட்டும் தீ வைப்பார்கள். உள்ளே காற்று போதாமல் விறகு எரியாமல் வேகும். நாள்கணக்கில் ராத்திரி பகலாகக் காவல் இருக்கணும். எங்கேயாவது மண் விரிசல் விட்டால் காற்று புகுந்து மொத்த மூட்டமும் சாம்பல். புகையின் நிறம் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறுவதை வைத்து வெந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு பாடுபட்டு 4 அல்லது 5 கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி. நகரத்து பார்பிக்யூ கடையில் பளபளப்பான பையில் விற்பதும் இப்படி ஒரு மூட்டத்தில் வெந்ததாக இருக்கலாம். நேராக இங்கே வாங்கினால் காசு வேகவைத்தவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சேரும்.

சீமைக் கருவேலத்தில் ஒரே சிக்கல் முள். குச்சியோடு வாங்கி வண்டியில் போட்டால் மெத்தையும் டென்ட் துணியும் காலி. கீழே சிந்தினால் டயர் பஞ்சர். குச்சி கழித்த உருட்டுக் கட்டையாகக் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி எடுத்து வருவது நல்லது.

தோப்பே ஒரு விறகுக் கடை

வத்திராயிருப்பு, கூமாப்பட்டி சுற்றுவட்டாரத்தில் நெல்லுக்கு அடுத்து எங்கே பார்த்தாலும் தென்னை. தோப்புக்காரர் சரி என்று சொன்னால், பாதி விறகுப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் தென்னையில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு மாதிரி எரியும்.

பற்றவைக்க பன்னாடையை மிஞ்ச ஆள் இல்லை. ஊரில் திட்டுவதற்குப் பயன்படுத்தும் அதே வார்த்தைதான், மட்டையின் அடியில் சல்லடை மாதிரி இருக்குமே, அது. ஒரு தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும். (நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்பும் சாத்தூர், சிவகாசி இருக்கும் மாவட்டத்துக்கு லைட்டர் திரவம் வாங்கிக்கொண்டு போவதெல்லாம் ஓவர்.) அதன் மேல் காய்ந்த பாளை. கரிசல் காட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களாக இருந்தால் பருத்திமாரும் இந்த வேலைக்கு அருமை, சடசடவென்று பிடித்துக் கட்டைக்குத் தீயைக் கொடுத்துவிட்டு அடங்கிவிடும்.

சிரட்டை முதலில் கரும்புகை விட்டு, பிறகு கடுமையான சூட்டோடு தணலாகும். கறி சுட இதுதான் சரியான ஆள். தேங்காய் மட்டை நேர்மாறு. தீயாக எரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகைக்குக் கொசு ஓடும் என்பதால் தோப்புகளில் மாலையில் மட்டையைப் புகைய விடுவார்கள். ஆனால் ராத்திரி அணைந்துவிட்டது என்று நினைத்த மட்டை, விடியற்காலைக் காற்றில் மறுபடி உயிர் பெறும். அதை மட்டும் வாளித் தண்ணீரில் முழுசாக அமுக்கி எடுக்கணும்.

காய்ந்த ஓலை பார்க்க ரொம்பக் கவர்ச்சியாக எரியும், ரீல்ஸுக்கு ஏற்ற தீ. ஆபத்தும் அதில்தான். எரிந்த ஓலைத் துணுக்கு எடையே இல்லாமல் பறந்துபோய், மரத்தில் தொங்கும் இன்னொரு காய்ந்த ஓலையில் உட்காரும். ஆனி, ஆடிக் காற்றில் இது நடக்க ஒரு நிமிடம் போதும். கூமாப்பட்டி வைரலானதே ஆனி மாதத்தில்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு நெருப்பே வேண்டாம், ஒரு எல்.இ.டி. விளக்கைச் சுற்றி உட்கார்ந்தும் பேசலாம்.

இதெல்லாம் நெருப்புக்குள் போகக் கூடாது

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சும்மா கிடக்கும் சென்ட்ரிங் பலகை, பெயின்ட் அடித்த ஜன்னல் கட்டை, பிளைவுட் வேண்டாம். எண்ணெயும் பெயின்ட்டும் பசையும் எரிந்து வரும் புகை சுட்ட கறியிலேயே படியும். பார்சல் வந்த மரப் பேலட்டில் 'எம்.பி.' முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தியது, தொடவே கூடாது. அரளிக் குச்சி இன்னும் மோசம். சாலையோரத்தில் நேராக, கைக்கு வாகாக வளர்ந்திருக்கும் என்று ஒடித்துக் கறி குத்திச் சுடப்போனால் விஷம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள டீ கப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஊற்றிப் பற்றவைப்பது பற்றித் தனியாகச் சொல்லணுமா? சொல்லணும்தான். எரிவது திரவம் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவி. தீக்குச்சியைக் கொண்டுபோவதற்குள் அந்த ஆவி ஊற்றியவரின் கால் வரை பரவியிருக்கும்.

ஓடையிலிருந்து எடுத்த கல்லை அடுப்புக்கு முட்டுக்கொடுப்பதும் தப்பு. உள்ளே ஊறியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். மூன்று செங்கல்லும், கொத்தனார் கலவை அள்ளும் இரும்புச் சட்டி ஒன்றும் வண்டியில் இருந்தால் போதும். நெருப்பு சட்டிக்குள்ளேயே இருக்கும், மண்ணில் ஓடும் தென்னை வேரும் சொட்டுநீர்க் குழாயும் தப்பிக்கும்.

அணைந்த கரியும் ஆளைக் கொல்லும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் ஒரு விடுதியில் தங்கிய இரண்டு இளைஞர்கள், கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். அங்கே கரி இல்லை, ஏ.சி. ஓடுவதற்காகப் போட்ட ஜெனரேட்டர். அதன் புகை வண்டியின் தரையில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியதை காலிகட் என்.ஐ.டி. குழு சோதித்து உறுதி செய்தது.

இரண்டிலும் கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் ஆசையாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். சரக்கு அடித்தவர்கள் அதை போதை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

விறகுப் புகை கண்ணைக் கரித்து ஆளை வெளியே துரத்திவிடும். கரிக்கு அந்த நல்ல குணம் கிடையாது. சாம்பல் பூத்து, புகையே இல்லாமல், 'அணைஞ்சிடுச்சு' என்று தோன்றும் நேரத்திலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். மழை வந்தது, குளிர் அடித்தது, சட்டியை வண்டியின் டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்தினோம் என்பதெல்லாம் வேண்டாத விளையாட்டு. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் சரியாகிவிடும் என்பதும் உத்தரவாதமில்லை.

அப்போ காஸ்?

சமையலுக்கு மட்டும் என்றால் காஸ்தான் சரி. ஒரு கிலோ எல்.பி.ஜி. செய்யும் சமையலை திறந்த நெருப்பில் செய்ய 12 முதல் 17 கிலோ வரை விறகு வேண்டும். விறகுத் தீயின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே பெரிது, மிச்சம் வானத்துக்குத்தான். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவது விதிமீறல். அடையாள அட்டை காட்டினால் பெட்ரோல் பங்க்குகளிலேயே கிடைக்கும் 5 கிலோ 'சோட்டு' வகைச் சிலிண்டர் இருக்கிறது. இரண்டு பேர் என்றால் சின்ன பியூட்டேன் கேன் அடுப்பே தாராளம்.

ஆனால் அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்துத்தான் பற்றவைக்கணும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, மெத்தைக்கு அடியில் தேங்கும். பியூட்டேன் கேனை வெயிலில் பூட்டிய காருக்குள் விடுவதும், காற்றுக்கு மறைப்பு என்று கேனையும் சேர்த்துத் தகரத்தால் சுற்றி மூடுவதும் அதே அளவுக்கு வம்பு.

கிளம்பும் முன்

நெருப்பின் மேல் மண்ணைப் போட்டு மூடினால் அது அணையாது. மூட்டம் போட்டது மாதிரி உள்ளே உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, சூடு தெரியாத வரை இதைச் செய்யணும். மிச்சக் கரியை பிளாஸ்டிக் பையில் போட்டு டிக்கியில் வைக்கவே வேண்டாம், மூடியுள்ள தகர டின் சரி. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட்டால் இந்த வேலை பாதியாகிவிடும்.

சுத்தமான விறகுச் சாம்பல் என்றால் தோப்புக்காரரே தென்னைக்கு அடியில் கொட்டிவிட்டுப் போகச் சொல்வார். மசாலா பாக்கெட்டும் அலுமினியத் தாளும் அதில் கலந்து கிடந்தால், அடுத்த வேனுக்குத் தோப்பைத் திறந்துவிட மாட்டார்.